கக்கா ஓடு: வீட்டு வாத்துக்கு நல்ல தீனிதான், பார்த்து வாங்குங்கள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் தீவனக் கடைகளில் தவிடு, புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே உடைத்த கக்கா (மட்டி) ஓடும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். வேம்பநாட்டுக் காயலில் வாரும் கறுப்புக் கக்காவின் ஓடு அது, முட்டை ஓடு கட்டத் தேவையான கால்சியம் நிறைந்தது. முட்டையிடும் வாத்துக்கு வாங்கும் பொருள்களில் கொடுக்கும் காசுக்கு மேலாகப் பலன் தருவது இதுதான். ஓடில்லாத தோல்முட்டை, விரல் பட்டாலே நொறுங்கும் முட்டை ஓடு ஆகிய இரண்டுக்கும் முதலில் செய்ய வேண்டியது இது. முட்டை உள்ளே அடைத்துக்கொண்ட வாத்துக்கு மட்டும் இதை மருந்தாக நம்பக் கூடாது.

அறுப்பு முடிந்த பாலக்காட்டு வயலில் மேயும் சாரா, செம்பல்லி என்ற நாட்டு வாத்துகளுக்கு யாரும் ஓடு உடைத்துப் போடுவதில்லை. சிந்திய நெல்லோடு நத்தையும் சேர்த்து விழுங்குவதால் கால்சியம் தானாகவே கிடைத்துவிடுகிறது. வீட்டு முற்றத்தில் தவிடும் மிச்சச் சோறும் தின்னும் வாத்துக்கு அந்த வழி கிடையாது. தவிட்டில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸோ மிக அதிகம். கிடைக்கிற கொஞ்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ஒரு வாத்து முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ இரண்டரை கிராம் கால்சியம் இருக்கிறது. காக்கி கேம்பல் இனத்து நல்ல வாத்து ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். தீனியில் வராத கால்சியத்தை அது தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் ஓடு கட்டும். இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் முட்டைக்குழாயின் தசைக்கு முட்டையைத் தள்ளும் வலு போய்விடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம், ஓடு சுடாத ஓடா என்பது. கக்காவைச் சூளையில் நீற்றித்தான் சுண்ணாம்பு செய்கிறார்கள். சுட்ட ஓடு அரைகுறையாகக் கலந்து வந்தால் வாத்தின் வாயும் குடலும் வெந்துபோகும். ஒரு கைப்பிடியை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் பாருங்கள். கிண்ணம் சுட்டாலோ, ஓடு வெடித்துக் குழைந்தாலோ அந்தச் சாக்கு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே நீர் பட்டு ஆறிப்போன சுண்ணாம்பு சூடாகாது, ஆனால் வெள்ளைக் குழம்பாகி விரலில் வழுக்கும். அடுத்து நான்கைந்து துண்டுகள் மீது எலுமிச்சைச் சாறு விடுங்கள். நல்ல ஓடு நுரைத்துப் பொங்கும், மணலும் கருங்கல் துகளும் சும்மா கிடக்கும். அழுகிய மீன் வாடை அடித்தால் சதை ஒட்டிய ஓடு என்று பொருள், அதையும் தவிருங்கள்.

இரண்டாவது பருமன். மாவாக அரைத்தது மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். வாத்து ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில், முட்டையிடுவது விடியற்காலையில். பொடி வெகு சீக்கிரம் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டு, அதாவது கம்பு அளவிலிருந்து உளுந்து அளவு வரை உள்ளது, அரவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கடைச் சரக்கில் எப்படியும் தூள் கலந்திருக்கும், ரவைச் சல்லடையில் சலித்து நீக்குங்கள். மீதியை மூன்று தண்ணீரில் அலசி, ஒரு நாள் வெயிலில் உலர்த்தினால் உப்பும் சேறும் போய்விடும்.

தீனியில் கலக்காமல் தனிச் சட்டியில், மாலையில் வையுங்கள். முட்டையிடும் வாத்து தனக்கு வேண்டிய அளவைத் தானே கொத்திக்கொள்ளும். கலந்துவிட்டால் ஆண் வாத்தும் குஞ்சும் வேண்டாத கால்சியத்தைக் கட்டாயமாகத் தின்னும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தவிடும் சோறுமே தீனி என்றால் ஒரு வாத்து நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் வரை எடுக்கும். லேயர் தீவனம் (முட்டைக் கோழிக்கான கடைத் தீவனம்) தின்றால் அதில் பாதிகூட வேண்டியிருக்காது. மூன்று வாத்துக்கு மாதம் ஏறத்தாழ ஒரு கிலோ போதும், மூட்டையாக வாங்கத் தேவையில்லை. ஓடு கரைந்துவிடும் பொருள் என்பதால் தீனியை அரைக்க உதவாது, பக்கத்தில் பருமணலும் கொஞ்சம் இருக்கட்டும். கூட்டுக்குள்ளேயே அடைத்து வளர்த்தால் வைட்டமின் டி குறைந்து, எவ்வளவு ஓடு தின்றும் சேராது. காலை வெயில் அவசியம்.

இதற்குப் பதிலாகக் கடைக்காரர் டோலமைட் கல்லை நீட்டினால் வாங்காதீர்கள். அதிலுள்ள மக்னீசியம் கழிச்சலை உண்டாக்கும், முட்டை ஓட்டையும் மெலிய வைக்கும். கோழிக்கான லேயர் மேஷ் வாத்துக்கும் ஆகும், ஆனால் பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் உலர்வாக வைத்தால் அலகில் அப்பிக்கொள்ளும். தென்மேற்குப் பருவ மழையில் தீவன மூட்டையில் கட்டி தட்டியிருந்தாலோ, பூஞ்சை வாடை லேசாக அடித்தாலோ, மொத்தத்தையும் தள்ளிவிடுங்கள். பூஞ்சை நஞ்சுக்குக் கோழியைவிட வாத்து வெகு சீக்கிரம் பலியாகும்.

இரண்டு வாரம் ஓடு தின்ற பிறகும் முட்டை மெலிந்தே வந்தால் வேறு காரணம் தேட வேண்டும். மார்ச் முதல் மே வரை பாலக்காட்டு வெயிலில் வாத்து அலகைத் திறந்து இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் அதோடு குறையும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் அதற்கு வழி. தீனியை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றுங்கள். கூட்டருகே இரவில் விளக்கு எரிந்தால் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் நீள நீள அது ஓய்வில்லாமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

முட்டை அடைத்த வாத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கூட்டத்தை விட்டு ஒதுங்கும், வால் ஏறி இறங்கும், முக்கும், கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்கும், தீனி தொடாது. அப்போது ஓட்டுச் சட்டியை நம்பி ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள், அது கரைந்து இரத்தத்தில் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் எச்சவாய் மூழ்கும் அளவுக்கு 20 நிமிடம் உட்காரவைத்து, ஈரம் போகத் துடைத்து, இருட்டான கதகதப்பான பெட்டியில் விடுங்கள். மாட்டுக்குத் தரும் திரவக் கால்சியம் வீட்டில் இருந்தாலும் அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுங்கள். அதையும் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், தொண்டையில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றை அழுத்தவோ உள்ளே முட்டையை உடைக்கவோ கூடாது, ஓட்டுச் சில்லு குழாயைக் கிழிக்கும். சதை வெளியே தள்ளியிருந்தால் உப்புநீரில் கழுவி, ஈரத்துணி போர்த்தி, ஆண் வாத்திடமிருந்து பிரித்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

குளிப்பாட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் முட்டை வராவிட்டால், அல்லது கால் துவண்டிருந்தால், மருத்துவர்தான். கால்சியம் குளுக்கோனேட் ஊசி அவர் கையால் போட வேண்டியது. முட்டைக்குழாயைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் அப்படியே. முட்டை வெளிவரும் வழி திறக்காத வாத்துக்கு அதைப் போட்டால் முட்டைக்குழாயே கிழியலாம். கேரளப் பக்கமானாலும் தமிழ்நாட்டுப் பக்கமானாலும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 எண்ணை அழைக்கலாம். எக்ஸ்ரே தேவைப்பட்டால் சித்தூர்ப் பக்கத்தார் திருச்சூர் அருகே உள்ள மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

கொள்முதலைப் பற்றி ஒன்று. பறவைக் காய்ச்சல் வந்தால், 2021 ஜனவரியில் நடந்ததுபோல, கேரளத்துக் கோழி, வாத்து, முட்டை வண்டிகளைத் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடிகளில் திருப்பி அனுப்புவார்கள். அந்த நேரத்தில் எல்லை தாண்டித் தீவனமும் சாக்கும் வாங்கிவர வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு கிலோ ஓட்டை முன்கூட்டியே வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் படாமல் இருந்தால் ஓடு கெடாது.