பெட்டி இழுக்கும் பிக்கப்புக்கு எந்த ரயர்? யாழ்ப்பாணத்து மண்ணுக்கு ஓர் ஒப்பீடு

பிக்கப்புக்கு ரயர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் வெட்டைத்தான், அதாவது தரையைத் தொடும் முகத்தின் பள்ளமும் கட்டையுமான அமைப்பைத்தான், முதலில் பார்க்கிறார்கள். சேற்றில் ஏறுமா, மணலில் பிடிக்குமா என்று விசாரிக்கிறார்கள். பெட்டி, அதாவது பின்னால் கொளுவும் ட்ரெயிலர், இழுக்கிற வண்டிக்கு அது இரண்டாவது கேள்வி. ரயர் எத்தனை கிலோவைத் தாங்கும் என்பதே முதலாவது கேள்வி. அதற்கான விடை ரயரின் பக்கச்சுவரிலேயே அச்சாகியிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியை இரண்டு சில்லுப் பெட்டியில் ஏற்றினால் தண்ணீர் மட்டுமே 1000 கிலோ. பெட்டியும் தாங்கியும் 300 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1300 கிலோ. அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 130 கிலோ, பெட்டியைப் பிக்கப்போடு இணைக்கும் கொளுவியில் அழுத்த வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் வேகத்தில் பெட்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். கொளுவி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் நெம்புகோலைப் போல முன்பக்கம் சற்றே தூக்கப்படும், பின் ரயர்களில் 130 கிலோவுக்கும் கூடவே விழும். பின்தட்டில் 50 கிலோ வெங்காய மூடைகள் பத்தும் இருந்தால் இன்னொரு 500 கிலோ. பின் ரயர்கள் இரண்டும் சுமப்பது எவ்வளவு என்று இப்போது விளங்கும்.

265/65ஆர்17 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். இரண்டு வரிசை இருக்கை கொண்ட பல டபிள் கப் பிக்கப்புகளில் இருப்பது இதுதான். சாதாரண வகையில் இதன் சுமைக்குறியீடு 112. ஒரு ரயருக்கு 1120 கிலோ. அதே அளவில் ‘எல்.ரி.’ என்று தொடங்கும் பாரவண்டி வகையில் 120 குறியீடு கிடைக்கிறது; 1400 கிலோ. அளவு ஒன்றுதான், உள்ளே இருக்கும் உடல் வேறு. பக்கச்சுவர் தடித்திருப்பதால் பெட்டி இழுக்கும்போது வண்டியின் பின்பக்கம் அசையாமல் நிற்கும். ஒழுங்கையோரத்துச் சுண்ணாம்புக் கல் உரசினாலும் இலகுவில் கிழியாது. பழைய பிக்கப்புகளுக்கான 205ஆர்16சி, 225/70ஆர்15சி போன்றவற்றில் கடைசியில் வரும் ‘சி’ எழுத்தும் பாரவண்டிக்குரிய உடலையே குறிக்கிறது.

ஆனால் தடித்த ரயரைப் போட்டுவிட்டுப் பழைய காற்றையே அடித்தால் காசு வீண். எல்.ரி. வகை தன் முழுச் சுமையைத் தாங்குவதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும்; பத்து அடுக்கு வகையில் அது சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் வரை போகும். 35 இறாத்தலில் நிற்கும் எல்.ரி. ரயர், அதே 35இல் நிற்கும் சாதாரண ரயரைவிடக் குறைவாகவே தாங்கும். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து விரியும், அதில் சூடு பிறக்கும். வைகாசி வெயிலில் ஏ9 வீதியில் மூடைகளோடு தம்புள்ளைக்குப் போகும் வண்டிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. அந்தச் சூடுதான் ரயரை அடுக்கடுக்காகப் பிரித்து வெடிக்க வைக்கிறது.

இனி வெட்டுக்கு வருவோம். பிரிட்ஜ்ஸ்டோன் டூலர், யோகோஹாமா ஜியோலாண்டர் போன்ற வரிசைகள் மூன்று வகையிலும் வருகின்றன: நெடுஞ்சாலைக்கு எச்.ரி., எல்லா நிலத்துக்கும் ஏ.ரி., சேற்றுக்கு எம்.ரி.

எச்.ரி.யை நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, சுன்னாகம் பக்கத்துச் செம்மண் சுண்ணாம்புப் பாறையின் மேல் கிடக்கிறது. மழை விட்டால் தண்ணீர் விரைவாகக் கீழே இறங்கிவிடும். ஆண்டின் பெரும்பகுதியில் தோட்டத்து வாய்க்கால் வரை காய்ந்த மண்ணிலேயே போகலாம். உங்கள் ஓட்டம் மருதனார்மடம் சந்தைக்கும் தோட்டத்துக்கும் இடையிலானது என்றால், பாரவண்டி உடல் கொண்ட எச்.ரி. தாராளமாகப் போதும். எரிபொருள் மிச்சம், சத்தமில்லை, ஈரத் தாரில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். நனைந்த புல்லிலும் ஐப்பசி, கார்த்திகை மழை ஊறிய மண் பாதையிலும்தான் அது கைவிடும்.

எம்.ரி.யின் பெரிய கட்டைகளுக்கு இடையில் அகன்ற பள்ளங்கள் இருக்கின்றன. சில்லு சுழலும்போது ஒட்டிய சேற்றை அவை உதறித் தள்ளும். கிளிநொச்சிப் பக்கம் களிமண் வயல் வைத்திருந்து, காலபோகத்தில் வயற்கரை வரை விதைநெல்லும் பசளையும் கொண்டுபோக வேண்டியவருக்கு அந்த வேலையை வேறெந்த ரயரும் செய்து தராது. அதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே போய்ச் சேர அறுபது கிலோமீற்றருக்கும் மேலாகத் தாரில் ஓட வேண்டும். தாரில் அந்த உயர்ந்த கட்டைகள் நெளியும். வீதியைத் தொடும் இறப்பர் குறைவு. சிறு பெட்டிகளுக்குப் பெரும்பாலும் தனிப் பிரேக் கிடையாது. மழையில் 1300 கிலோ பின்னாலிருந்து தள்ளும்போது வண்டியையும் பெட்டியையும் நிறுத்த வேண்டியவை பிக்கப்பின் நான்கு ரயர்கள் மட்டுமே. அழகுக்காக எம்.ரி. போட்டுவிட்டு வலிகாமத்தில் பெட்டி இழுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்னால் போகும் சைக்கிள்காரருக்கும் அது ஆபத்து.

இரண்டுக்கும் நடுவில் ஏ.ரி. நிற்கிறது. தோட்டமும் வயலும் பெட்டியும் சேர்ந்த வேலைக்கு எல்.ரி. அல்லது ‘சி’ உடல் கொண்ட ஏ.ரி.யையே நான் சொல்வேன். கட்டைகள் நெருக்கமாக இருப்பதால் தாரில் நெளிவு குறைவு. மாரி கால ஒழுங்கையை விட்டு வெளியே வரவும் அது போதும். களிமண் வயலில் எம்.ரி.க்கு ஈடாகாது என்பது உண்மை. அங்கே பிக்கப்பைப் பாதையில் நிறுத்திவிட்டு வயலுக்குள் உழவு இயந்திரத்தை இறக்குவதே முறை. பாரமேற்றிய பிக்கப் ஈர வயலில் ஏறினால் மண்ணும் இறுகிப்போகும்.

வடமராட்சி கிழக்கு, மணற்காடு போன்ற மணல் நிலத்தில் வெட்டைவிடக் காற்றே பெரிது. எம்.ரி.யின் கட்டைகள் மணலைத் தோண்டி வண்டியைப் புதைத்துவிடும். பாரமில்லாத வண்டியில் காற்றை 20 இறாத்தல் அளவுக்கு இறக்கினால் ரயர் நீண்டு படிந்து மணலின் மேலே மிதக்கும். தாருக்கு ஏறியதும், பெட்டியைக் கொளுவுவதற்கு முன்பே, திரும்ப அடித்துவிட வேண்டும். அதற்குச் சிறிய காற்றடிக்கும் பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகையான நைலோன் ரயர் மலிவு, கல்லுக்கும் தாங்கும். நீண்ட ஓட்டத்தில் சூடேறும் என்பதால் ஊருக்குள் ஓடும் வண்டிக்கு மட்டும் சரி. ஒரே அச்சில் நைலோனையும், அளவில் ‘ஆர்’ எழுத்து வரும் ரேடியலையும் கலக்கக் கூடாது. மீள்புதுப்பித்த ரயரை முன் சில்லுக்குப் போடவே வேண்டாம்.

நான்கு சில்லும் இயங்கும் பிக்கப் என்றால் நான்கும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம். பின்னுக்கு மட்டும் உயரமான ரயர் போட்டு நான்கு சில்லு இயக்கத்தில் கெட்டியான தரையில் ஓடினால் கியர் தொகுதி நெரிபடும்.

கடையில் பணம் கொடுக்குமுன் பக்கச்சுவரில் ‘டொட்’ எழுத்துகளைத் தொடர்ந்து வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெட்டு புதிதாக இருந்தாலும் பல ஆண்டுகள் கிடந்த இறப்பர் உலர்ந்து வெடித்திருக்கும். பெட்டியின் ரயர்களையும் இதேபோல் பாருங்கள். பாரத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு சில்லுகளின் மேல்தான் இருக்கிறது, காற்றுப் பார்க்க எல்லோரும் மறப்பதும் அவற்றுக்குத்தான்.