ஈட்டி மர ஷட்டில்: டாட்டிங் பின்னுவோருக்காக ஒரு மதிப்புரை

சிறு முடிச்சுகளை வளையங்களாகக் கோத்துப் பின்னும் டாட்டிங் லேஸுக்கு நூலும் விரல்களும் ஒரு ஷட்டிலும் (நடுக்கட்டையால் இணைந்த இரு தகடுகளுக்கிடையே நூலைச் சுற்றிவைக்கும் சிறு கருவி) போதும் என்பதால், அந்த ஒற்றைக் கருவியின் குறை நிறைகள் அப்படியே பின்னலில் தெரிந்துவிடுகின்றன. கைவினைஞர் ஒருவர் ஈட்டி மரத்தில் கையாலேயே செய்து விற்கும் ஷட்டிலைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பிளாஸ்டிக் ஷட்டிலைவிட விலை பல மடங்கு என்பதால், மெருகையும் அழகையும் ஒதுக்கிவிட்டு, வேலைக்கு எப்படி உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

தெரேஸ் த டில்மோன் 1886-இல் வெளியிட்ட தையற்கலைக் களஞ்சியத்தில் நல்ல ஷட்டிலுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்: நுண்ணிய வேலைக்கு நீளம் 7 செ.மீ.க்கு மிகக் கூடாது. சுற்றிய நூல் வெளியே பிதுங்காதபடி இரு தகடுகளின் முனைகளும் நெருங்கியிருக்க வேண்டும். நடுக்கட்டையில் நூல் நுழையும் அளவுக்குத் துளை வேண்டும். எலும்பு, தந்தம், ஆமையோடு ஆகியவற்றை மனத்தில் கொண்டு அவர் எழுதியது மரத்துக்கும் பொருந்துகிறது.

நீளத்தில் இந்த ஷட்டில் தேறிவிடுகிறது. முனைகள் இன்னும் சிறப்பு: 40-ஆம் நம்பர் நூலை இழுத்தால் மெல்லிய 'டக்' ஒலியோடு வருகிறது, கையை விட்டால் ஷட்டில் நூலில் அப்படியே தொங்குகிறதே தவிர, சுற்று அவிழ்வதில்லை. ஆனால் தடிமனான 10-ஆம் நம்பர் நூல் இதே முனைகளில் உரசிப் பிசிறு தட்டுகிறது.

டாட்டிங்கின் அடிப்படையான இரட்டை முடிச்சைப் போடும்போதுதான் மரத்தின் அருமை புரிகிறது. ஷட்டில் நூலை இறுக்கி, இடக்கை விரல்களில் உள்ள நூலைத் தளர்த்தி, முடிச்சை ஒரு நூலிலிருந்து மற்றதற்கு மாற்ற வேண்டும். அது மாறாவிட்டால் வளையம் இறுகாது. ஒவ்வொரு முடிச்சுக்கும் விரலுக்கும் ஷட்டிலுக்கும் இடையே நூல் வழுக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் மட்டும் பூசிய இந்த மரத்தில் நூல் தடையின்றி நழுவுகிறது, வியர்த்த விரலுக்கும் பிடி தப்புவதில்லை. வார்னிஷ் தடவிய ஷட்டில்களில் இந்த இரண்டும் சேர்ந்து எனக்குக் கிடைத்ததில்லை.

குறை நடுத்துளையில் இருக்கிறது. உள்விளிம்பைத் தேய்க்காமல் விட்டிருந்ததால் நூலின் இழைகள் அதில் சிக்கின. உப்புத்தாளைச் சுருட்டி நானே தேய்த்துச் சரிசெய்தேன். இந்த விலைக்கு அந்த வேலையையும் செய்தவரே முடித்துத் தந்திருக்க வேண்டும். பிக்கோக்களை (முடிச்சுகளுக்கிடையே விடும் சிறு நூல் கண்ணிகளை) இணைக்க முனையில் கொக்கியும் இல்லை என்பதால், மெல்லிய குரோஷா ஊசி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். குளோவர் நிறுவனத்தின் பிளாஸ்டிக் ஷட்டிலில் ஒரு முனை கூராக நீண்டிருப்பதால் அந்த ஊசி தேவைப்படாது.

முடிச்சு மாற்றம் இன்னும் கைவராதவர்களுக்குப் பிளாஸ்டிக்கே போதும். கை பழகி, 20 முதல் 40-ஆம் நம்பர் நூல்களில் தொடர்ந்து பின்னுவோர் இதைத் தயங்காமல் வாங்கலாம். மர ஷட்டிலை எவரிடம் வாங்கினாலும், முனைகளைப் பக்கவாட்டில் எடுத்த படத்தை முதலில் கேளுங்கள். மரத்தின் இழை நீளவாக்கில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்; குறுக்காக ஓடினால் மெல்லிய முனை எளிதில் உடைந்துவிடும். கருமையான மரம் என்றால், வெள்ளை நூலைச் சுற்றும் முன் ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்து, சாயம் ஒட்டுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.