ஏஞ்சல் தீவு குடியேற்ற அருங்காட்சியகம்: அல்கட்ராஸை விட்டுவிட்டு இங்கே போங்கள்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் சான் பிரான்சிஸ்கோவில் எல்லோரும் அல்கட்ராஸ் சிறைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். என்னைக் கேட்டால் அதே விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவுக்குப் படகு ஏறச் சொல்வேன். எதிர்க்கரையில் உள்ள டிபுரான் ஊரிலிருந்து போனால் பக்கம். அங்கே வருகிறவர்களிலும் பாதிப்பேர் மலையேறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்; பழைய குடியேற்ற நிலையத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

1910 முதல் 1940 வரை பசிபிக் கடல் தாண்டி வந்தவர்களை நிறுத்தி விசாரித்த இடம் இது. 1882 சட்டப்படி அப்போது சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது. குடிமகனின் பிள்ளை என்றால் வரலாம். 1906 நிலநடுக்கத்தோடு வந்த தீயில் நகரத்தின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோக, 'நான் இங்கே பிறந்த குடிமகன்' என்று பலர் சொல்லிக்கொள்ள முடிந்தது; அப்படிப்பட்டவர்களுக்குக் காகிதத்தில் மட்டும் மகனானவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்விகள்: வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசி வைக்கும் இடம் எது? அப்பாவின் பதிலும் பிள்ளையின் பதிலும் ஒத்துப்போக வேண்டும். என் அம்மா வீட்டுப் படிகளை நான் எண்ணியதே இல்லை. சொந்த மகள், ஆனாலும் ஃபெயில்.

முகாமுக்குள் அடுக்குக் கட்டில்கள். மரச் சுவரில் சீனக் கவிதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். நிர்வாகம் பட்டி பூசி, மேலே பெயிண்டும் அடித்துப் பார்த்தது. இடிக்கவிருந்த கட்டடத்தில் 1970-ல் ஒரு பூங்காக் காவலர் கண்ணில் பட்டதால்தான் அவை இன்று இருக்கின்றன. நேராக நின்றால் வெறும் பெயிண்ட்தான். கொஞ்சம் சாய்ந்து பக்கவாட்டில் பாருங்கள், எழுத்து எழுந்து வரும். வழிகாட்டியோடு போவது நல்லது.

போகுமுன் இரண்டு வழக்குகளைப் படித்துவிட்டுப் போங்கள். வோங் கிம் ஆர்க், 1898: பெற்றோர் சீனர்களானாலும் அமெரிக்காவில் பிறந்தவர் குடிமகன் என்ற தீர்ப்பு. என் மகளின் பாஸ்போர்ட் அதில்தான் நிற்கிறது. பகத் சிங் திந்த், 1923: இந்தியாவிலிருந்து வந்து அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், ஆனாலும் சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' அல்ல, அதனால் குடியுரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். அதற்கு முன்பே வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் பறித்தார்கள். 1946-ல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது; புதிதாகக் குடியேற வருபவர்களுக்கோ வருஷத்துக்கு 100 இடம்தான். கிரீன் கார்டு வரிசையைப் பற்றித் தினமும் புலம்புகிறவள் நான். அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம், இறங்குதுறையிலிருந்து ஒன்றரை மைல் நடை, ஏற்றமும் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை யோசித்துக் கூட்டிப்போங்கள். புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் படகுகள் குறைவு.