‘விளம்பரம் வராமல் செய்து தரப்படும்’: 1,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விதம்

மட்டக்களப்பு நகரில் போன் திருத்தும் கடையொன்றில் 1,500 ரூபாய் கொடுத்து, என் போனுக்குள் நானே ஓர் ஒற்றனை ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பக்கங்களிலிருந்து, ‘விளம்பரம் வராமல் செய்து தரப்படும்’ என்று அங்கே தொங்கும் அட்டையைப் பார்த்து அந்தப் படியேறியவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறவள். ஓடர்கள் எல்லாம் போனில்தான் வருகின்றன. ஒருநாள் தையல் இயந்திர மோட்டார் ஒன்றின் விலையைத் தேடிப் பார்த்தேன். பிறகு இரண்டு வாரம் அந்த மோட்டார் என்னை விடவில்லை. செய்தி வாசிக்கப் போனாலும் அது, மீன் குழம்புக்குக் குறிப்புத் தேடினாலும் அது. அதையாவது பொறுத்துக்கொண்டேன். மகள் சாதாரண தரப் பெறுபேறு பார்க்க முயன்ற இரவுதான் பொறுமை போனது. பரீட்சைத் திணைக்களத்தின் தளம் திறக்கவில்லை. தேடலில் முதலாவதாக வந்ததை அழுத்தினாள். அது விளம்பரம். சுட்டெண்ணைக் கேட்டது, கொடுத்தாள். பெறுபேறு வரவில்லை, மூன்று பச்சைப் பொத்தான்கள் வந்தன. எதைத் தொட்டாலும் வேறெங்கோ கொண்டுபோனது. பிள்ளை அழுதேவிட்டாள்.

அடுத்த நாள் நகரத்துக்குப் போனபோது அந்த அட்டை கண்ணில் பட்டது. ‘விளம்பரம், பின்தொடர்தல் எதுவும் வராமல் செய்து தரப்படும்.’

கடையிலிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து எடுக்காமல் தன் கணினியிலிருந்து ஏற்றியதைக் கண்டு ஏன் என்று கேட்டேன். “கூகுளுக்கு வருமானமே விளம்பரம்தானே அக்கா. தன் வயிற்றில் அடிக்கிற செயலியைத் தன் கடையிலேயே வைப்பானா?” என்றார். கேட்க நியாயமாக இருந்தது. போன் ஓர் இடத்தில் மறுத்தது. ஓர் அனுமதி சாம்பல் நிறத்தில் மங்கி, பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டுள்ளது என்று காட்டியது. அவர் செயலியின் விவரப் பக்கத்துக்குப் போய், மூலையிலிருந்த மூன்று புள்ளிகளை அழுத்தி அந்தத் தடையை எடுத்துவிட்டார். பிறகு ‘அனுமதி’, ‘அனுமதி’ என்று விரல் பறந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் இரண்டு நாள் உண்மையாகவே விளம்பரம் குறைந்தது. மூன்றாம் நாளிலிருந்து பூட்டிய திரையிலேயே விளம்பரம் வரத் தொடங்கியது. குரோம் போன்ற உலாவியைத் திறக்கவே வேண்டாம், நள்ளிரவில் இருட்டறையில் திரை தானாக எரிந்து சூதாட்டப் படம் ஒன்று ஓடியது. மாதத்துக்குப் போட்ட டேட்டா பதினோராம் நாளே தீர்ந்தது. ரீலோட் போட்ட காசு நாளாந்தம் சில ரூபாயாகக் கரைந்தது. நான் கேட்டே இராத ஏதோ சேவைக்குச் சந்தா என்றார்கள் வாடிக்கையாளர் பிரிவில். அதை நிறுத்துவதற்கே மூன்று முறை அழைக்க வேண்டியிருந்தது. செயலியை நீக்கப் போனால் ‘நீக்கு’ என்ற சொல் அழுத்த முடியாதபடி மங்கிக் கிடந்தது.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணனின் மகன் வந்துதான் அவிழ்த்தான். அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியைத் திறந்து காட்டினான். அங்கே அந்தச் செயலி ஒன்று மட்டும் ‘இயக்கத்தில்’ என்று இருந்தது. “மாமி, கண் பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்வதற்காக இருக்கிற வசதி இது. இதை வாங்கிய செயலி உங்கள் திரையில் இருப்பதை எல்லாம் வாசிக்கும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் செய்யும்” என்றான். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணும் திரையில்தான் வருகிறது. அதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

போன் மறுத்த காரணமும் அப்போதுதான் விளங்கியது. வெளியிலிருந்து ஏற்றிய செயலிக்கு அந்த அனுமதியை எளிதில் கொடுக்கவிடாத பூட்டு ஆண்ட்ராய்டு 13 முதல் இருக்கிறது. அந்தப் பூட்டைத்தான் கடைக்காரத் தம்பி என் கண் முன்னால் திறந்தார். செயலிக்குச் சாதன நிர்வாகி அதிகாரமும் கொடுத்திருந்தார். அந்த அதிகாரம் இருக்கும்வரை நீக்க முடியாது. மருமகன் போனை, பிறகு ஏற்றிய செயலிகள் ஓடாத பாதுகாப்பு முறையில் மீண்டும் இயக்கி, இரண்டு அனுமதிகளையும் பறித்த பிறகே செயலி போனது. வங்கிக் கடவுச்சொல்லை அண்ணியின் போனிலிருந்து மாற்றினோம்.

என்னை ஏமாற்றியது, கூகுளைப் பற்றித் தம்பி சொன்ன அந்தப் பாதி உண்மைதான். மற்றச் செயலிகளின் விளம்பரத்தில் கை வைக்கும் செயலிகளை கூகுள் தன் ப்ளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. ஆகவே நேர்மையான சில தடுப்பான்களும் வெளியிலிருந்துதான் கிடைக்கின்றன. ஆனால் தன் பக்கங்களில் மட்டும் விளம்பரத்தைத் தடுக்கும் உலாவி அதே ப்ளே ஸ்டோரில் இலவசமாக இருக்கிறது. தம்பி அதைச் சொல்லவில்லை.

உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணை நிரல்களை நீட்சிகள் என்கிறார்கள். ஆண்ட்ராய்டில் குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை, ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஏற்கிறது. அதன் பட்டியலில் நீட்சிகள் என்ற இடத்தில் யூபிளாக் ஒரிஜின் என்ற தடுப்பானைச் சேர்த்தால் போதும். ரேமண்ட் ஹில் என்பவர் 2014இல் தொடங்கியது. அவர் நன்கொடைகூட வாங்குவதில்லை, ஆகவே அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பெயரில் ‘ஒரிஜின்’ இருக்கிறதா என்றும் பாருங்கள், வெறும் யூபிளாக் என்பது வேறு. நீட்சி வேண்டாம் என்பவர்களுக்கு பிரேவ் உலாவி இருக்கிறது. அது நிறுவியவுடனேயே தடுக்கிறது. ஐபோனில் அதன் சொந்த உலாவியான சஃபாரிக்கான உள்ளடக்கத் தடுப்பான்களுக்கு 2015 முதல் இடமுண்டு. அந்த வகைத் தடுப்பான் எதைத் தடுக்க வேண்டும் என்ற பட்டியலை மட்டும் சஃபாரியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தடுக்கிற வேலைக்கு உங்கள் திரையை வாசிக்கத் தேவையே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மருமகன் ஃபயர்ஃபாக்ஸில் நான் வழக்கமாகப் படிக்கும் செய்திப் பக்கத்தைத் திறந்தான். யூபிளாக் ஒரிஜினின் கேடயக் குறிக்குப் பக்கத்தில், தடுத்தவற்றின் எண் ஏறி 38இல் நின்றது. ஒரு செய்தி வாசிக்க நான் வந்திருக்கிறேன் என்று 38 முறை வெளியே சொல்ல முயன்றிருக்கிறது அந்தப் பக்கம். இப்படி வெவ்வேறு பக்கங்களிலிருந்து ஒரே நிறுவனத்துக்குச் செய்தி போவதால்தான் மோட்டார் என் பின்னால் குழம்புக் குறிப்பு வரை வந்தது. உலாவியில் போடும் தடுப்பு உலாவிக்குள் மட்டும்தான். யூடியூப், பேஸ்புக் செயலிகளுக்குள் வரும் விளம்பரத்தை அது தொடாது. எல்லாச் செயலியிலும் நிறுத்தித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்த அனுமதியைக் கேட்கிறார் என்று பாருங்கள்.

விளம்பரத்தைத் தடுக்க நினைத்தது தவறு என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். தேடலில் மேலே வரும் போலி விளம்பரங்களைப் பற்றி எச்சரித்த அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., 2022 டிசம்பரில் விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தும்படியே மக்களுக்கு அறிவுறுத்தியது. என் மகள் மாட்டிக்கொண்டதும் அப்படியொன்றில்தான்.

கடைக்குத் திரும்பிப் போனேன். “செயலியை நாங்கள் செய்யவில்லையே அக்கா, போட்டுத்தானே கொடுத்தோம்” என்றார் தம்பி. பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார் முதலாளி. அவர்கள் கொடுக்கவுமில்லை, நான் கேட்கவுமில்லை. காசு திரும்பவில்லை. அட்டை இன்னும் அதே இடத்தில் தொங்குகிறது. அங்கே போனைக் கொடுத்தவர்கள் இன்றிரவே அணுகல்தன்மைப் பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் ஒன்று அங்கே இருந்தால், முதலில் வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பிறகு அதை நீக்குங்கள்.