பள்ளிக்கே வந்து எடுக்கும் உடற்தகுதிச் சோதனை: அளவெடுப்பு தேவலாம், ரிப்போர்ட் கார்டு தேறாது

தருமபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி பக்கத் தனியார் பள்ளிகளுக்கு உடற்தகுதிச் சோதனை எடுக்க ஒரு குழு வந்து போகிறது. தலைக்கு 150 ரூபாய். உயரம், எடை, 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், கால் நீட்டி உட்கார்ந்து குனியும் சோதனை, கைப்பிடி வலு, எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

உயரம் எடுப்பதில் குறை சொல்ல முடியாது. ஷூவைக் கழற்றி, குதிகால் சுவரில் பட, கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க நிறுத்துகிறார்கள். உச்சிக் கொண்டை போட்ட பிள்ளைகளை அவிழ்க்கச் சொல்கிறார்கள். அது வீண் கெடுபிடி இல்லை. 140 செ.மீ. உயரம், 35 கிலோ எடை உள்ள பிள்ளையின் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண்) 17.9. கொண்டையோடு சேர்த்து 142 என்று எழுதினால் 17.4 ஆகிவிடும். பி.எம்.ஐ.யையும் பெரியவர்களின் கணக்கில் பார்க்காமல், 5 முதல் 19 வயது வரைக்குமான உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில் பார்க்கிறார்கள். எட்டு வயதில் 16 என்பது சாதாரணம். பெரியவர் கணக்கில் அதுவே நோஞ்சான்.

எடையில் கோட்டை விடுகிறார்கள். மரத்தடி மண்ணில் ஜமுக்காளம் விரித்து அதன்மேல் டிஜிட்டல் ஸ்கேலை வைத்தால் எடை முழுதாக விழாது. சிமென்ட் தரையில்தான் வைக்க வேண்டும். கைப்பிடி மீட்டரும் பெரியவர் கைக்கு வைத்த அகலத்திலேயே எல்லாரிடமும் போகிறது. ஆறாம் வகுப்புக் கைக்கு விரலின் நடுக்கணு மடங்கும் அளவுக்குப் பிடியை நெருக்கித் தராவிட்டால் வலு குறைத்துத்தான் காட்டும். 600 மீட்டரைச் சின்ன மைதானத்தில் மூலைக்கு மூலை திரும்பி ஓடவிட்டால் நேரம் கூடும். பெரிய மைதானம் உள்ள பள்ளியோடு ஒப்பிடவே கூடாது. கார்டில் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

பெரிய கோளாறு மொத்த மதிப்பெண்ணில். கார்டில் பி.எம்.ஐ. பச்சையில், அதாவது சரியான அளவில், இருந்தால் முழு மார்க், சிவப்பில் இருந்தால் பூஜ்யம். அதை ஓட்ட மார்க்கோடு கூட்டி ஒரே ஸ்கோர். குண்டான பிள்ளை தன் எடையையும் சுமந்துதான் ஓடுகிறது, அதிலேயே நேரம் போய்விடுகிறது. பி.எம்.ஐ.க்கு மறுபடி மார்க்கைக் குறைத்தால் ஒரே காரணத்துக்கு இரண்டு அடி. அதே பிள்ளை கைப்பிடியிலும் பந்து எறிவதிலும் பெரும்பாலும் முன்னால் நிற்கும். கொழுப்போடு தசையும் கூடத்தான் இருக்கும். அந்தப் பலம் மொத்தக் கூட்டலில் காணாமல் போகிறது. ஒல்லிப் பிள்ளைக்கு நேர்மாறு. ஓட்டத்தில் தப்பித்துக்கொள்ளும், கைப்பிடியில் விழும், கார்டோ ‘நன்று’ என்று அச்சடித்துத் தரும். சரியாகச் சாப்பிடுகிறதா என்று கேட்க வேண்டிய பிள்ளை அதுதான்.

ஏழாம், எட்டாம் வகுப்பில் இன்னும் சிக்கல். பெண் பிள்ளைகள் பையன்களுக்குச் சுமார் இரண்டு வருடம் முன்பே வளர்த்தியில் ஏறிவிடுவார்கள். அந்த வருடம் எடை கூடுவதை ‘எச்சரிக்கை’ என்று சிவப்பில் எழுதினால், வீட்டில் இரவுச் சாப்பாட்டைக் குறைப்பார்கள். வளரும் உடம்புக்கு அது ஆகாது. தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட விடுங்கள் என்று எழுதியிருக்கலாம்.

மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையை ஸ்டாப்வாட்சும் அளவு நாடாவும் எடை ஸ்கேலும் வைத்துப் பி.டி. ஆசிரியரே நடத்தலாம். ஒன்பது வயதுக்கு மேல் 50, 600 மீட்டர் ஓட்டம், குனிதல், தண்டால் எல்லாம் அதிலேயே உண்டு. இவர்கள் கூடுதலாகக் கொண்டுவருவது கைப்பிடி மீட்டரும் ஆள்பலமும்தான். முந்நூறு பிள்ளைக்கு மேல் என்றால் அதற்காகக் கூப்பிடலாம்.

கூப்பிடுவதானால் மூன்றைப் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டத்தைக் காலை ஏழரைக்கு முடிக்க வேண்டும். பதினொரு மணி வெயிலில் ஓடவிட்டு எடுத்த நேரம் எதற்கும் உதவாது. மொத்த ஸ்கோர் வேண்டாம், ஒவ்வொரு சோதனையின் அளவையும் தனித்தனியாகக் கொடுங்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஸ்கேலில் முத்திரையிட்ட 5 கிலோ படிக்கல் நான்கை ஏற்றி 20 காட்டுகிறதா என்று முதல் பிள்ளை ஏறும் முன் பாருங்கள்.