பார்பெல்லா, டம்பெல்லா, தண்டாலா: பலம் கூட்ட எதைப் பிடிப்பது?

பலம் வேண்டும், ஓடவும் தாவவும் உடம்பு வளைந்து கொடுக்க வேண்டும் என்று எடைப்பயிற்சிக்கு வருகிறவர் முன்னால் நாலு வழி இருக்கிறது. சொந்த உடம்பையே எடையாக்கும் தண்டால், பஸ்கி, புல்-அப்ஸ் ஒன்று. மெஷின் இன்னொன்று. பிறகு டம்பெல், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல். கடைசியாக, நீளக் கம்பியின் இரண்டு முனையிலும் பிளேட் மாட்டித் தூக்கும் பார்பெல். நான் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு பார்பெல்லில் நிலைத்தவன். ஆகவே என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தண்டாலுக்குச் செலவு கிடையாது. மெஷினில் பாதை ஏற்கெனவே போட்டிருப்பதால் பழகுவது சுலபம். டம்பெல்லில் பலவீனமான கை மற்ற கையின் தயவில் தப்பிக்க முடியாது. முதல் சில வாரங்களில் எதைச் செய்தாலும் பலம் ஏறும். இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிற காலம் அது.

அது ஓய்ந்த பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது: அடுத்து எவ்வளவு ஏற்றுவது?

பலம் கூடுவதே, பழகிய சுமையைவிடச் சற்றுக் கூடுதலான சுமைக்கு உடம்பு ஈடுகொடுப்பதால்தான். 1940-களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களுக்கு இப்படிப் படிப்படியாக எடை ஏற்றித்தான் பயிற்சி கொடுத்தார். இதில் ‘சற்று’ என்பதுதான் உயிர்நாடி. தசை சீக்கிரம் தேறிவிடும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் தேறும். எடையில் பெரிய தாவல்களை அவை பொறுக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கைக்கு 10 கிலோ டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குகிறீர்கள். அடுத்தது 12.5 என்றால் ஒரே எட்டில் 25 சதவீதம். எனக்கு அந்த இடத்தில், மூன்று ரெப்ஸ், அதாவது மூன்று முறை தூக்குவது, சரியாகப் போகும். நாலாவதில் இடது கை காது மட்டத்தில் அப்படியே நின்றுவிடும், இடுப்பு பின்னால் வளையத் தொடங்கும். கெட்டில்பெல்லிலும் 16-லிருந்து 20-க்குப் போவது அதே 25 சதவீதம். தண்டாலில் ரெப்ஸைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அது தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் வளர்க்கும். ஒற்றைக் கைத் தண்டாலுக்குத் தாவுவதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பார்பெல்லின் கம்பி மட்டும் 20 கிலோ. பெண்களுக்கான கம்பி 15. இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் போட்டால் 2.5 கிலோ கூடும். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் 100 கிலோ ஸ்குவாட்டில் அது வெறும் 2.5 சதவீதம். தலைக்கு மேல் தூக்கும் 40 கிலோ பிரஸ்ஸில் அதுவே 6 சதவீதத்துக்கு மேல், தோள் முரண்டு பிடிக்கும். அங்கே அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி போதும், ஒரு கிலோ மட்டும் ஏறும். கால், முதுகு, தோள் என எதற்கும் அதனதன் வேகத்தில் படி வைக்க முடிகிறது. நான் பார்பெல்லை விடாமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மெஷினிலும் சின்னச் சின்னதாக ஏற்ற வழி உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நிற்பது, சமநிலை பிடிப்பது, நடுவுடம்பை இறுக்கிக் காப்பது எல்லாவற்றையும் இருக்கையே பார்த்துக்கொள்கிறது. விளையாட்டுக்கு வேண்டியதே அந்த மூன்றும்தான்.

ஸ்குவாட் மட்டும் ஒருவரை வேகமானவராக ஆக்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பலத்தை நொடிப்பொழுதில் வெளியே கொண்டுவரத் தாவலும் குறுந்தூர ஓட்டமும் கூடவே வேண்டும். தரையிலிருந்து தலைக்கு மேல் வேகமாகத் தூக்கும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டும் அதற்கு அருமையான பயிற்சி என்பார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, லேசான எடையில் கொஞ்ச காலம் பழகியதோடு சரி, அவற்றைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

வீட்டில் தனியாக, எடை மேலே விழாமல் தாங்கும் பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ரேக் இல்லாமல் செய்யப் போகிறீர்களா? அப்படியென்றால் பார்பெல்லில், படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸும் கனமான ஸ்குவாட்டும் வேண்டவே வேண்டாம், டம்பெல்தான் சரி. ரேக் உள்ள ஜிம் கிடைத்தால், சேருவதற்கு முன் அங்கே அரைக் கிலோ பிளேட் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்காது. சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.