வாத்து வண்டியும் அதன் கூரையும்

வேளச்சேரியில் இருக்கும் மச்சான் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். வெள்ளம் சூழ்ந்த தெருவில் ஒரு டக் போட், அதாவது ரோட்டிலும் தண்ணீரிலும் ஓடும் வாத்து வண்டி, மிதந்து வந்து, மாடிப்படியில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. "நீதான் அமெரிக்காவுல இதுல அடிக்கடி போறியே, எப்படி இருக்கும்? நம்ம ஏரியாவுக்கு நாலு வாங்கிப் போட்டா டிசம்பர் கவலை விட்டுது இல்ல?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் அடங்கும் பதில் இல்லை, அதனால் இது.

அடிக்கடி போவது உண்மைதான். ஊரிலிருந்து யார் வந்தாலும் பக்கத்து ஏரிக்குக் கூட்டிப்போய் இதில் ஏற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவின் ஜிஎம்சி கம்பெனி செய்த டியுகேடபிள்யூ (DUKW) லாரியின் வாரிசு, ஆறு சக்கரம், பின்னால் ஒரு புரொபெல்லர். மற்ற விவரமெல்லாம் தேடினால் கிடைக்கும்.

எனக்கு இதில் அலுக்காத இடம் சரிவுதான். ரோட்டில் வந்த வண்டி அப்படியே மூக்கைத் தண்ணீருக்குள் விடும். டயர் தரையை விடும்போது ஸ்டியரிங் ஒரு கணம் தொளதொளவென்று ஆகும், அப்புறம் புரொபெல்லர் பிடித்துக்கொள்ளும். அம்மா முதல் தடவை "முருகா!" என்று கத்தியதில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மூல வண்டியில் இன்னொரு வித்தை உண்டு. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபடியே டயர் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். 1940களில் இதை யோசித்த ஆளைக் கும்பிடத் தோன்றும்.

சரி, இப்போது கூரைக்கு வருகிறேன்.

இரும்பு வளைவுகளின் மேல் தடித்த துணி. எழுந்து நின்றால் தலை தட்டும். மழை வந்தால் இருபுறமும் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிடுவார்கள். லைஃப் ஜாக்கெட் எல்லாம் தலைக்கு மேலே வலையில் கட்டிக் கிடக்கும். முதல் தடவை ஏறியதிலிருந்தே இது எனக்கு உறுத்தல். ஜாக்கெட்டின் வேலை ஆளை மேலே தள்ளுவது. வண்டி மூழ்கினால் மேலே இருப்பது கூரை!

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1999 மே மாதம் ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் 'மிஸ் மெஜஸ்டிக்' என்ற டக் போட் மூழ்கி 13 பேர் இறந்தார்கள். டிரைவ் ஷாஃப்டை (இன்ஜின் சக்தியைக் கடத்தும் சுழல் தண்டு) சுற்றியிருந்த ரப்பர் உறை கழன்று தண்ணீர் புகுந்தது, கூரைக்கடியில் பலர் மாட்டிக்கொண்டார்கள். கூரையை எடுங்கள், தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும்படி செய்யுங்கள் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்போதே சொல்லிவிட்டது. யார் கேட்டார்கள்? 2018 ஜூலை 19, மிசூரியின் பிரான்சன். புயல் எச்சரிக்கை வந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு வண்டி டேபிள் ராக் ஏரியில் இறங்கியது. முன்பக்கக் காற்றுத் திறப்பு வழியே அலை உள்ளே புகுந்தது. 31 பேரில் 17 பேர் போய்விட்டார்கள், அதில் ஒன்பது பேர் ஒரே குடும்பம். தப்ப விடாமல் தடுத்தவை கூரையும் மூடியிருந்த பக்கத் திரையும் என்று மறுபடியும் அறிக்கை. 2022ல்தான் இதற்கான சட்டம் வந்தது, 2023ல் கடலோரக் காவல்படையின் விதி.

இந்தக் கோடையில் போனபோது திரையைக் காணோம். சரிவுக்கு முன்னால் நிறுத்திக் கூரைத் துணியையும் சுருட்டினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது, மனைவி என்னை முறைத்தாள், எனக்கோ பரம சந்தோஷம்.

ஆனால் கூரையை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? லண்டனில் தண்ணீர் புகுந்தாலும் மிதப்பதற்காக வண்டிக்குள் நுரைக் கட்டைகளை அடைத்தார்கள். 2013ல் தேம்ஸ் நதி நடுவே, சுழலும் ஷாஃப்ட் உரசி அந்தக் கட்டையே தீப்பிடித்தது. ஆட்கள் ஆற்றில் குதித்துத் தப்பினார்கள். அதே வருடம் லிவர்பூலில் இரண்டு தடவை மூழ்கல், நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

மச்சானின் வெள்ளத்துக்கு வருவோம். 1953ல் நெதர்லாந்தை வடகடல் மூழ்கடித்தபோது இந்த வண்டிகள் நிறையப் பேரைக் காப்பாற்றின, மறுக்கவில்லை. ஓட்டியவர்கள் அதற்கென்றே பழகிய ராணுவத்தார். நான் போவது அலையடிக்காத ஏரியில், ஆழம் தெரிந்த ஒரே பாதையில், காற்றடித்தால் டிக்கெட் ரத்து. வெள்ளத் தெருவில் இது எதுவும் இல்லை. தண்ணீரில் இதன் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், வெள்ளத்தின் இழுப்பு அதைவிட அதிகமானால் வண்டி ஓட்டுநர் பேச்சைக் கேட்காது. 31 அடி நீளத்தை வேளச்சேரி குறுக்குத் தெருவில் எங்கே திருப்புவது? அடியில் டிவைடரோ திறந்த சாக்கடையோ கம்பியோ உரசி ஒரு ரப்பர் உறை கிழிந்தால் போதும். பயந்த கூட்டம் ஒரே பக்கமாக ஏறினால் இன்னும் மோசம். அதோடு சுற்றுலா வண்டியை மீட்புக்கு அனுப்பும் நாளில் கண்டிப்பாக மழை பெய்யும், யாராவது அந்தத் திரையை இறக்கிவிடுவார்கள்.

2015ல் சென்னைக்கும் 2018ல் கேரளாவுக்கும் மீனவர்கள் கொண்டுவந்த ஃபைபர் படகில் கூரையும் இல்லை, கழல ஷாஃப்டும் இல்லை. இன்ஜின் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். பணம் இருந்தால் அதை வாங்கிப் போடட்டும்.

ஆக, இவ்வளவு பிடித்த வண்டிக்கு மீட்பு வேலையில் நான் போடும் மதிப்பெண் பூஜ்யம். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. சுற்றுலாவுக்கு ஏறுபவர்கள், முந்தின வண்டி கரையேறும்போது அதன் பக்கவாட்டைப் பாருங்கள். உள்ளே புகுந்ததைப் பம்பு வெளியே கொட்டும் தண்ணீர் லேசாக ஒழுகினால் சரி, குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டினால் எங்கோ ஓட்டை. தண்ணீரில் இறங்குமுன் கூரையைச் சுருட்டுவீர்களா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். மழுப்பினால் டிக்கெட் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுங்கள், பிள்ளைகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.